எட்டு எக்கோக் குமிழ்

மூன்று ஏறிவிட்டன, இன்னும் ஐந்து. மணி இரண்டே கால் என்று கதவுக்கு வெளியே யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போகிறார்கள். நாலரைக்கு மேடையில் மைக் பார்க்க வேண்டும், ஆறுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்றுவிடுவார்கள், அதற்குள் ஐந்து. ஒன்றுக்கு இருபது நிமிஷம் என்றாலும் நேரம் இருக்கிறது, ஆனால் இரண்டாவதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனதே. அவசரப்படாதே கோமதிநாயகம், அவசரப்பட்டால் கை நடுங்கும், கை நடுங்கினால் அரம் வழுக்கும். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, பாத்திரம் அடுக்குகிற அறை, ஈரச்சாக்கும் ஆறிப்போன சாம்பாரும் கலந்த வாசனை, ஒரே ஒரு ஜன்னல். அதன் அடியில் மேஜையை இழுத்துப் போட்டு, கச்சேரியில் மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரை வைத்திருக்கிறேன். வெயில் நேராகக் குமிழ்களின் மேல் விழுகிறது. இந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் தெரியும். ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னால் கோத்துக் காட்டுவேன். யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். மேடைக்கு எதிரே ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, விளக்கை எல்லாம் அணைத்து, சிவப்பும் நீலமுமாக ஒன்றைச் சுழலவிட்டு, இப்போது நாலாவது மைக்குக்குக் கொஞ்சம் எக்கோ கொடு என்கிறார்கள். எட்டு மைக், எட்டு வரிசை, வரிசைக்கு நாலு குமிழ், எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உயரம், ஒரே வழுவழுப்பு, தலையில் மட்டும் ஒரு பொட்டு நிறம். எக்கோவுக்குச் சிவப்பு, அதற்குக் கீழே வால்யூமுக்கு வெள்ளை. இருட்டில் சிவப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை என்பதை இருபத்தாறு வருஷம் கழித்து இப்போதுதான் கவனிக்கிறேன்.

அதனால்தான் இந்த டப்பா. வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டப்பா, அதில் பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், ஃபேன் ரெகுலேட்டர், செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிய குமிழ்கள். எட்டு எக்கோவுக்கும் விரல் தொட்டதும் தெரிகிற மாதிரி வேறு குமிழ் போட்டுவிட்டால் போதும். ஓரம் நெளிநெளியாக இருக்க வேண்டும், அல்லது மூக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கண் எதற்கு? விரல் போகும், மூக்கைத் தொடும், இது எக்கோ, இதற்குக் கீழே வால்யூம். காலையில் பல் தேய்க்கும்போது இது எவ்வளவு எளிதாக இருந்தது. இந்த மிக்சரில் தண்டின் முனை நடுவில் பிளந்து சுற்றிலும் பொடிப்பொடியாகப் பல் வைத்திருக்கிறது, ரேடியோக் குமிழின் துளை சும்மா வட்டம், ரெகுலேட்டர் குமிழின் துளை ஒரு பக்கம் தட்டை. பெரிய துளை தண்டின் மேல் லொடலொடவென்று ஆடுகிறது, சின்னத் துளை ஏறமாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டில் பிறந்தது, ஒன்றுக்கொன்று அளவு சொல்லிக்கொண்டு பிறக்கவில்லை. முதலாவதில் பேனா ரீஃபில் குழாயைத் துண்டாக நறுக்கி, நெடுக்கில் கீறி, தண்டுக்குச் சட்டை மாதிரி போட்டு, மேலே குமிழை அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. இரண்டாவதின் தட்டைப் பக்கத்தை உருளை அரத்தால் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினேன், அதிகமாகத் தேய்ந்துவிட்டது, பிறகு நூல் சுற்றி, நூல் மேல் பசை தடவி, பசை காய ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குமிழ் சுற்றினால் தண்டும் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். குமிழ் மட்டும் சுற்றித் தண்டு சும்மா இருந்தால், நான் குறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன், சத்தம் குறையாது, எனக்குக் காரணமும் தெரியாது. அந்தக் குமிழ் மாதிரிதான் நான் இப்போது இருக்கிறேன். சீ, இந்த மாதிரி யோசனைக்கெல்லாம் நேரம் இல்லை. நாலாவதை எடு.

நாலாவது ஒரு ரேடியோவின் குமிழ், பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ. நல்ல ஜாதி. ஸ்க்ரூவை முடுக்கினால் தண்டைக் கடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் தலை எள்ளளவு, அதைப் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. நேராக நடுவில் பிடித்தால் தெரிகிறது, கொஞ்சம் ஒதுங்கினால் ஸ்க்ரூவும் இல்லை, குமிழும் இல்லை, என் கட்டைவிரலே இல்லை. கண்ணுக்குள்ளே பிரஷர் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், திருநெல்வேலியில், ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்துங்க ஐயா என்றார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரு திருட்டுப் புத்தி, புள்ளி தெரியாதபோதும் நடுநடுவே அழுத்தி வைத்தேன். மெஷின் அதையும் கண்டுபிடித்துவிட்டது. ஓரமெல்லாம் போயிருச்சு, போனது போனதுதான், இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம், கூட யாரும் வந்திருக்காங்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். என் பெண்டாட்டி இசக்கியம்மாள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மாத்தணுமாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் புதுக் கண்ணாடியில் நீங்க ஆபீசர் மாதிரி இருக்கீங்க என்கிறாள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரை மூன்று தடவை தட்டிவிட்டேன், நெனப்பு எங்க இருக்கு உங்களுக்கு என்கிறாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே எங்கள் பாட்டுக் குழுவை நடத்துகிற தாவீது மாஸ்டரிடம் போய் நிற்பாள், இவரை ராத்திரி வேலைக்கு அனுப்பாதீங்க மாஸ்டர் என்பாள். மாஸ்டர் என்னை வீட்டில் உட்கார வைப்பார். வீட்டில் உட்கார்ந்து நான் எதைத் திருகுவது? கடிக்கிறது, ஸ்க்ரூ கடிக்கிறது, நாலாவதும் ஏறிவிட்டது. நாலாவது எங்கள் பாட்டுக்காரி செண்பகவல்லியின் மைக்.

அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். நாலாவதைத் தொட்டால் நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? பதினோரு நாள் ஆகிறது. தென்காசிப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா, நல்ல கூட்டம், பெண்கள் எல்லாம் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் பாட்டுக்குக் கடைசியில் செண்பகவல்லி ஒரே மூச்சில் இழுக்கிற இழுப்பு ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு நான் எக்கோவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன், கோபுரத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி வரும், எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த இடம் அது, இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் அவள் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். நான் ஏற்றினேன். எக்கோ ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று இன்னும் ஏற்றினேன். நான் பிடித்திருந்தது வால்யூம். ஸ்பீக்கர் ஊளையிட்டது, ஊசி காதுக்குள் போகிற மாதிரி ஒரு ஊளை, முன்வரிசைக் குழந்தை ஒன்று அலறியது, ஒரு கிழவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். நான் எதைக் குறைப்பது என்று தெரியாமல் நாலைந்து குமிழைத் தடவினேன், கடைசியில் மொத்தத்தையும் அணைத்தேன். மாஸ்டர் கீபோர்டிலிருந்து இறங்கி வந்து என்ன ஆச்சு என்றார். நான் வாயைத் திறந்தேன். பாட்டுக்காரம்மா மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிட்டாங்க. யோசித்துச் சொல்லவில்லை, ஏற்கெனவே செய்து வைத்திருந்த மாதிரி வந்தது. பாட்டுக்காரம்மா மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிட்டாங்க. எவ்வளவு ஒழுங்கான வாக்கியம், எங்கே தட்டினாலும் உடையாது. மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் மைக்கில் எல்லோரிடமும் மன்னிச்சுக்கோங்க என்றாள். நான்தான் அந்த மன்னிச்சுக்கோங்கவுக்கும் சத்தம் வைத்தேன். அதற்கு அடுத்த நிகழ்ச்சியில் அவள் மைக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாடினாள், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், குரல் நூலாக வந்தது. நான் ஏற்ற ஏற்ற அவள் விலகினாள். மாஸ்டர் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செண்பகத்துக்குக் கட்டை இறங்கிப் போச்சு அண்ணாச்சி, சிவகாசியில ஒரு பிள்ளை நல்லாப் பாடுதாம் என்றார். அப்போதும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், பார்க்க ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு நிகழ்ச்சி அவள் சொந்த ஊரில்.

ஐந்தாவது. ஐந்தாவதும் ரேடியோ ஜாதி, ஸ்க்ரூ, கடிக்கிறது, நல்லது, நன்றி. ஆறாவது தபலா மைக். இதற்கு டேப் ரிக்கார்டர் குமிழ், ஓரம் நெளிந்தது, துளை அரைநூல் பெரியது. ரீஃபில் தீர்ந்துவிட்டது. பிளந்த தண்டுதானே, பிளவில் பிளேடை விட்டுக் கொஞ்சம் அகட்டினால் தண்டே பருத்துக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். நூறு தடவை செய்த வேலை. பிளேடை வைக்கிறேன், மெதுவாகத் திருப்புகிறேன், இன்னும் கொஞ்சம், குமிழை வைத்துப் பார்க்கிறேன், ஆடுகிறது, இன்னும் கொஞ்சம். டிக். சின்னச் சத்தம், கோழிமுட்டை ஓட்டில் முதல் கீறல் விழுகிற மாதிரி. தண்டில் பாதி என் உள்ளங்கையில் கிடக்கிறது. கடவுளே. பாதித் தண்டு நிற்கிறது, பாதித் தண்டு கையில். வேண்டாம், யோசி, மிச்சம் இருக்கிற பாதியில் ஸ்க்ரூ வைத்த குமிழைப் போட்டு அந்தப் பாதியையே கடிக்க விடலாம். டப்பாவில் ஸ்க்ரூக் குமிழ் இன்னும் ஒன்று இருந்தது, வெள்ளிப் பட்டை போட்டது, இருந்தது, காலையில் பார்த்தேன். டப்பாவைக் கவிழ்க்கிறேன். கொட்டுகிறது, உருளுகிறது, அந்த வெள்ளிப் பட்டை மேஜை ஓரத்தில் ஒரு கணம் மின்னிவிட்டுப் போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் இரண்டு குதி, பிறகு உருளல், பிறகு இல்லை. குனிகிறேன். மண்டியிடுகிறேன். தரை ஜன்னல் வெயிலுக்குக் கீழே இருக்கிற இருட்டு, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு தாம்பாளம் அளவு தரை தெரிகிறது, தாம்பாளத்தை நகர்த்துகிறேன், அண்டாவின் அடி, விளக்குமாறு, ஒரு வாழைத்தண்டு நார், அடுத்த தாம்பாளம், சாக்கு, என் சொந்த முழங்கால். கையால் தடவுகிறேன். ஒரு அறைக்குள் ஒரு குமிழ். எங்கேயும் போயிருக்க முடியாது. இங்கேதான் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. இப்படித்தான் இனிமேல் எல்லாம் இருக்குமா? செருப்பு, சோப்பு, மருந்துப் புட்டி, இசக்கியம்மாளின் முகம், எல்லாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு எனக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமா? வாய் ஏதோ முனகுகிறது, என்னவென்று கேட்டால் மூன்று குமிழ், மூன்று குமிழ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி தேடுதீங்க?"

கதவு திறந்தது எனக்குத் தெரியவில்லை. செண்பகவல்லியின் குரல். பட்டுப்புடவை சரசரப்பு, பவுடர் வாசனை, சீக்கிரமே தயாராகி வந்துவிட்டாள். ஒரு குமிழ் விழுந்துவிட்டது என்றேன். அவள் என் பக்கத்தில் குனிந்து, என் கால் பெருவிரலுக்கு அடுத்தாற்போலக் கிடந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில்தான் அது எவ்வளவு பக்கத்தில் கிடந்தது என்று புரிந்தது. தலைசுற்று, மதியம் சாப்பிடவில்லை, அதான் என்றேன், இன்னொரு ஒழுங்கான வாக்கியம். நான் எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவள் கவிழ்த்து வைத்திருந்த குத்துப்போணிப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தாள். எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அல்லது பதினோரு நாளாகத் தெரிந்திருந்தது. அவள் நேராகப் பேசினாள். இன்றைக்குப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வதாக முடிவெடுத்துவிட்டாளாம், சொந்த ஊரிலேயே முடிந்தது என்று இருக்கட்டுமாம், மாஸ்டரிடம் நிகழ்ச்சி முடிந்து சொல்வாளாம். வீட்டில் சமைக்கும்போது முனகுகிற பாட்டுகூட வரவில்லையாம், வாயைத் திறந்தாலே அந்த ஊளை காதில் கேட்கிறதாம், கை தானாக வாயிலிருந்து விலகிவிடுகிறதாம். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீக. நான் நெசமாவே மைக்கத் திருப்புனனா? எனக்குத் திருப்புன நெனப்பே இல்ல. அதான் பயமா இருக்கு. நாம செய்யுதது நமக்கே தெரியாமப் போச்சுன்னா, பெறகு எப்படி மேடையில நிக்க?"

நீ லேசாகத் திருப்பினாய், யாருக்கும் நடக்கிறதுதான், பெரிதுபடுத்தாதே. இந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, இதமான வாக்கியம், அவளையும் சமாதானப்படுத்தும், என்னையும் காப்பாற்றும். லேசாத்தான், என்று சொல்லிக்கூட விட்டேன். லேசாத்தான். அவள் ம் என்றாள். அந்த ம்மில் அவள் எழுந்து போகப் போகிறாள் என்று கேட்டது. எனக்கு எப்போதும் கேட்பதில் தப்பு வந்ததில்லை, ஒரு குரல் எந்த இடத்தில் உடையும் என்று அது உடைவதற்கு முன்பே கேட்கும், அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருஷம் சோறு தின்றேன். அவளுக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் கண் செய்ததை அவள் கையின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன், அது அங்கே பொருந்திப் போய் உட்கார்ந்துவிட்டது, நான் விட்டால் அவள் சாகும்வரை அதைச் சுமப்பாள். புடவை சரசரத்தது. எழுந்துவிட்டாள்.

"செண்பகம். நீ திருப்பல. நான் எக்கோன்னு நெனச்சு வால்யூமத் திருகிட்டேன். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

வெளியே யாரோ இலைக்கட்டை வண்டியிலிருந்து இறக்குகிறார்கள், தொப் தொப்பென்று விழுகிறது. அவள் எங்கே நிற்கிறாள், முகம் எப்படி இருக்கிறது, தலையைத் திருப்பித் தேட எனக்குத் தைரியம் இல்லை. எவ்வளவு நாளா என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலே என்றேன். யாருக்குத் தெரியும் என்றாள். உனக்கு என்றேன். அவள் மிக்சர் பக்கம் வந்தாள், பவுடர் வாசனை நெருங்கியது. நாலாவது வரிசையின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது, ஸ்க்ரூக் குமிழ் லேசாகக் கிறீச்சிட்டது.

"பதினோரு நாளு எங்க அம்மா படத்துக்கு முன்னால நின்னு, என்னமும் ஆயிப்போச்சா எனக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி," என்றாள். "மாஸ்டர்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம். நான் ஆறாவதை எடுத்தேன், வேறு என்ன செய்ய, கை அதைத்தான் செய்யும். வெள்ளிப் பட்டைக் குமிழை உடைந்த பாதித் தண்டில் மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினேன், பாதி கடித்தது, போதும். ஏழாவது, எட்டாவதுக்கு நூலும் பசையும். சொல்லாமலே மேடைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு எண்ணம், அவள் சொல்ல மாட்டேன் என்றாளே, சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம், அந்த எண்ணம் எனக்குள்ளேதான் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. பசை காயும்வரை அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். மணி நாலு. மிக்சரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன், நாற்காலி வரிசை இடித்தது, இடித்த நாற்காலியிடம் மன்னிச்சுக்கோங்க என்றேன்.

மாஸ்டர் கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அன்னைக்குச் செண்பகம் மைக்கத் திருப்பல, நான்தான், கண்ணு தெரியல. இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. அவர் வெகுநேரம் வயரைச் சுருட்டினார், சுருட்டியதை மறுபடி பிரித்தார். இத்தனை வருஷமா ஒண்ணாச் சாப்பிட்டிருக்கோம், எங்கிட்டச் சொல்லலையே அண்ணாச்சி என்று ஒரு தடவை சொன்னார், பிறகு வேலைப் பேச்சாகப் பேசினார். இன்றைக்கு வேறு ஆள் கிடையாது, இன்றைக்கு நீங்களே வையுங்கள், நாளைக்கு உட்கார்ந்து பேசுவோம் என்றார். நாளைக்கு என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். கூடத்தின் நடுவில் என் மேஜைக்குப் போய் வயர்களை மாட்டினேன். மேலே குழல்விளக்குகளை அணைத்துவிட்டுச் சுழல்விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், சிவப்பு, நீலம், சிவப்பு. மேடை போய்விட்டது. தெரிகிற துண்டுக்குள் ஒரு தெர்மாகோல் அன்னமும் யாருடையதோ ஒரு முழங்கையும் இருந்தன. யார் எங்கே நிற்கிறார்கள்? எந்த மைக் யார் கையில்? குமிழ் இருக்கிறது, எட்டும் இருக்கின்றன, விரல் மூக்கைத் தொடுகிறது, கீழே வால்யூம், எல்லாம் நான் நினைத்த மாதிரியே இருக்கிறது. ஆனால் ஆட்களுக்கு நான் எங்கே போவது? அதை நினைக்கவே இல்லையே. காலையிலிருந்து தண்டையும் துளையையும் அளந்துகொண்டிருந்தேனே, மேடையில் மனிதர்கள் நகருவார்கள் என்று நினைக்கவே இல்லையே. கையை வேட்டியில் துடைக்கிறேன். எழுந்து போய்விடலாம், இப்போதே, பஸ் ஸ்டாண்டு பக்கம்தான், கேட்டுக் கேட்டுப் போய்விடலாம். ஸ்பீக்கரில் ஒரு தட்டல். யாரோ மைக்கை விரலால் தட்டுகிறார்கள். ஹலோ, ஒன்று இரண்டு மூன்று என்று வரும் என்று காத்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, நான் செண்பகம். உங்க வலது கைப் பக்கம், அன்னத்துக்கு முன்னால நிக்கேன். எங்கையில இருக்கது நாலாவது மைக்கு. எடம் மாறுனா சொல்லுதேன்."

கூடம் முழுக்கக் கேட்டது. பந்தலுக்குப் பூக் கட்டுகிறவர்கள், நாற்காலி போடுகிறவர்கள், பெண் வீட்டார் யாராவது வந்திருந்தால் அவர்கள், எல்லோருக்கும். என் முகம் எரிகிறது. அவள் குரலில் கோபம் அப்படியே இருக்கிறது, மூன்றாவது கட்டைக்கும் நாலாவது கட்டைக்கும் நடுவில் எங்கேயோ, நன்றாகக் கேட்கிறது. நான் நாலாவது வரிசையைத் தடவி எடுக்கிறேன், வால்யூமை ஒரு இம்மி ஏற்றுகிறேன். பாடு, என்கிறேன். இவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது. அவள் மூச்சு இழுப்பது ஸ்பீக்கரில் கேட்கிறது.